சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்: செகண்ட் ஹாண்ட் டியூப் ஆம்ப் தேடுகிறவர்களுக்கு

அதே பச்சைச் சுவர், அதே சோஃபா. நேற்று ராத்திரி பழைய சாமான் விற்கிற ஆப்பில் ஒரு டியூப் ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு வைத்த கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) வீடியோ கண்ணில் பட்டதும் புரிந்துவிட்டது, மார்ச்சில் என்னிடம் 85,000 ரூபாய் வாங்கினவர்தான் மறுபடி கடை விரித்திருக்கிறார். பெயரையும் ஏரியாவையும் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் பெரம்பூர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பேன், மாதத்தில் ஒன்றிரண்டு நாள் நண்பர்களோடு ப்ளூஸ். கையில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைச் சுருள்) வைத்த டெலிகாஸ்டர் கிட்டார். நான் தேடின சவுண்ட் ஒன்றுதான்: மெதுவாகத் தட்டினால் சுத்தமாக இருக்கணும், கொஞ்சம் அழுத்தி அடித்தால் கரகரவென்று உடையணும். அதுவும் பெடல் (சவுண்டை மாற்ற நடுவில் செருகுகிற, காலால் மிதிக்கிற பெட்டி) இல்லாமல், ஆம்ப்பிலிருந்தே வரணும். பத்து வருஷமாக ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது கிடைக்காமல் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தில் இருந்தது ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவெர்ப். அறுபதுகளில் வந்த கறுப்பு முக ஆம்ப்பை அதே கம்பெனி பிற்பாடு மறுபடி தயாரித்து விற்கிறதே, அது. 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, மொத்தம் ஒன்பது டியூப். 'யூஎஸ் பீஸ், புது மேட்ச்டு டியூப்ஸ், க்ரஞ்ச் வேற லெவல்' என்று போட்டிருந்தார். மேட்ச்டு என்றால் அளவு பார்த்து ஜோடி சேர்த்தது, க்ரஞ்ச் என்றால் அந்தக் கரகரப்பு.

போனேன். என் கிட்டாரையும் தூக்கிக்கொண்டுதான் போனேன், அதைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. "முதல்ல நான் வாசிச்சுக் காட்டறேன் ப்ரோ, நீங்க தள்ளி நின்னு கேளுங்க. ஆம்ப் சவுண்ட் தூரத்துலதான் தெரியும்" என்றார். தடியான ஹம்பக்கர் பிக்கப் (ரெட்டைச் சுருள், சீக்கிரமே ஆம்ப்பை உடைக்கும்) வைத்த கிட்டாரை மாட்டிக்கொண்டு சோஃபாவில் உட்கார்ந்தார். வால்யூம் 3-ல். அடித்தார் பாருங்கள், நான் பத்து வருஷமாகத் தேடின சவுண்ட் அப்படியே வந்தது. "பெடல் எதுவும் இல்லையே?" என்று கேட்டேன். "எல்லாம் ஆம்ப்தான் ப்ரோ" என்றார். ரெண்டு நிமிஷம் போனில் வீடியோ எடுத்தேன். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது, சாயந்திரம் இன்னொரு பார்ட்டி வருகிறாராம். யூபிஐயில் பணத்தைத் தட்டிவிட்டேன். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன ப்ரோ பில்லு" என்று சிரித்தார்.

வீட்டில் வைத்து, என் கிட்டாரை மாட்டி, வால்யூமை 3-ல் வைத்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமான சவுண்ட். கரகரப்பு மருந்துக்கும் இல்லை. 4-ல் வைத்தேன், இன்னும் சுத்தம், இன்னும் சத்தம். 5-ஐத் தாண்டின பிறகுதான் லேசாக உடைய ஆரம்பித்தது. அதற்குள் கீழ்வீட்டு மாமி மேலே வந்துவிட்டார். "என்னப்பா, மைக் செட் கடை ஏதாவது வச்சிருக்கியா?"

போன் பண்ணினால், "டியூப் சூடாகணும் ப்ரோ, ஒரு வாரம் வாசிங்க." ஒரு வாரம் வாசித்தேன். சும்மா இருக்கும்போதே ம்ம்ம் என்று ஒரு ஹம் கேட்க ஆரம்பித்தது. அதற்கு, "உங்க வீட்டு எர்த் சரியில்ல." எலெக்ட்ரீஷியனை வரவழைத்து 600 ரூபாய் கொடுத்தேன். எர்த் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் கிட்டாரில் செருகியிருந்தது சிவப்பு ஒயர். அது சோஃபாவுக்குப் பின்னால் போகிறது. ஆம்ப்பின் முகத்தில் செருகியிருந்தது கறுப்பு ஒயர். நடுவில் ஒரு பெடல் ஒளிந்திருக்கிறது என்று கிட்டார்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பிக் கேட்டேன். "டோனுக்கு ஒரு ஓவர்டிரைவ் போட்டிருந்தேன், எல்லாரும் போடறதுதானே" என்று பதில் வந்தது. ஓவர்டிரைவ் என்பது கரகரப்பு தருகிற பெடல். 'புது மேட்ச்டு டியூப்ஸ்' என்று அவர் எழுதின மெசேஜ்கள் எல்லாம் அன்றைக்கே அழிக்கப்பட்டிருந்தன. அதையெல்லாம் நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. மறுநாள் பிளாக்.

ரிச்சி தெருப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், வால்வு ரேடியோ காலத்திலிருந்து சால்டரிங் அயர்ன் பிடிப்பவர். அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். டியூப் என்று சொன்னால் அவருக்கு டியூப் லைட்தான். வால்வு என்று சொல்லணும். ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கிற பவர் வால்வு ரெண்டும் 6வி6 ரகம் என்றதும் முகம் மலர்ந்தது. "இதை எத்தனை ரேடியோவுல மாத்தியிருக்கேன் தம்பி." ரெண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒன்றில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்தது. இன்னொன்றில் பெயரைத் துடைத்த தடம் மட்டும். உள்ளே உச்சியில் இருக்கிற வெள்ளிப் பூச்சு ஓரமெல்லாம் கருகியிருந்தது. ஜோடி, புதுசு, ரெண்டுமே பொய்.

ஹம்முக்கும் காரணம் சொன்னார். இந்த ரெண்டு வால்வும் ஒன்று தள்ள ஒன்று இழுக்க என்று எதிரெதிராக வேலை செய்கிறவை. ரெண்டிலும் ஒரே அளவு கரண்ட் ஓடினால் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். ஒன்று கிழடு, ஒன்று இளசு என்றால் மிச்சம் ஸ்பீக்கரில் கேட்கும். எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த கூத்து ஸ்டெப்-டவுன், அதாவது வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி. ஆம்ப்பின் பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. நம் ஊர் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரடியாகச் செருகினால் கதை முடிந்தது. அவர் வீட்டில் செங்கல் சைஸில் ஒரு பெரிய பெட்டி இருந்தது. எனக்குக் கொடுத்தனுப்பியது சோப்பு டப்பா மாதிரி ஒன்று, தாங்கும் அளவு 60 விஏ (ஏறக்குறைய வாட் மாதிரி). "22 வாட் ஆம்ப்தானே, தாராளம்" என்று சொல்லியிருந்தார். 22 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போகிற கணக்கு. பெரியவர் ஒரு பழைய கேலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டார்: 6வி6 ரெண்டு, சின்ன வால்வு ஆறு, ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபையர் வால்வு ஒன்று. இந்த ஒன்பதின் இழையைச் சூடேற்ற மட்டுமே 26 வாட்டுக்கு மேல் வேண்டும்! சத்தம் வருவதற்கு வேண்டியதெல்லாம் அதற்கு அப்புறம். மீட்டரை வைத்துப் பார்த்தால் அந்த டப்பாவிலிருந்து 102 வோல்ட்தான் வந்தது, பத்து நிமிஷத்தில் கை வைக்க முடியாத சூடு. சரியான பெட்டி போட்டாலும் 50 ஹெர்ட்ஸ் 60 ஆகாது, ஆம்ப்பின் ட்ரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகத்தான் சூடாகும். அதனால் நெருக்கமாகச் சுவரோரம் வைக்காதே என்றார்.

இவ்வளவும் சரிசெய்ய 17,000 ரூபாய் ஆனது. சரியான பிறகு வாசித்தால்? அதே கண்ணாடி சவுண்ட்தான்.

ஏமாந்ததைவிட இதுதான் எனக்கு உறைத்தது. ஆம்ப் மேல் தப்பே இல்லை. டீலக்ஸ் ரிவெர்பின் குணமே அதுதான்: மிட் (நடு ஸ்தாயி) குழிந்து, ட்ரெபிள் (மேல் ஸ்தாயி) மினுங்கி, வால்யூம் ஏற ஏற ரொம்ப தூரம் சுத்தமாக நிற்கும். மிட் குமிழே கிடையாது, ட்ரெபிளும் பேஸும் மட்டும். (விப்ராட்டோ என்று எழுதியிருக்கிறதே, அதுகூட உண்மையில் ட்ரெமோலோ, சுருதி அசையாது, சத்தம்தான் ஏறி இறங்கும்.) சிங்கிள் காயிலை வைத்துக்கொண்டு அதை 3-ல் உடைக்க யாராலும் முடியாது. இன்டர்நெட்டில் ஆயிரம் பேர் புகழ்கிறார்களே என்று நம்பினேன், என் சவுண்டுக்கு ஆகுமா என்று நானே வாசித்துப் பார்க்கவில்லை.

சின்ன ஆம்ப் வாங்கியிருந்தால் வீட்டில் சத்தம் குறைந்திருக்குமே என்பார்கள். வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரிய வாட் பத்தில் ஒன்றாகணும். 5 வாட் டியூப் ஆம்ப்பை உடைய உடைய வாசித்தாலும் மாமி மேலே வருவார்.

அந்த வீடியோவில் வருகிற ஆளிடம்தான் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் கிட்டாரை, உங்கள் ஒயரில், நேராக ஆம்ப்பில் செருகுங்கள். ஒயரின் ரெண்டு முனையும் கண்ணுக்குத் தெரியணும். வீட்டில் எவ்வளவு சத்தத்தில் வாசிப்பீர்களோ அதே சத்தத்தில் கால் மணி நேரம் வாசியுங்கள். அப்புறம் கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஹம்மைக் கேளுங்கள். பின்பக்கம் வோல்டேஜைப் படியுங்கள். பென்சிலின் மரமுனையால் சின்ன டியூபுகளை லேசாகத் தட்டினால், கெட்டுப்போனது ஸ்பீக்கரில் மணி மாதிரி ஒலிக்கும். சேஸிஸை (உள்ளே சர்க்யூட் இருக்கிற உலோகப் பெட்டியை) மட்டும் திறக்காதீர்கள், உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டும் ஆன் பண்ணாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

ஆம்ப் இப்போது சர்ச்சில் இருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் மெதுவாகத் தட்ட அந்தச் சுத்தமான சவுண்ட் அழகாகத்தான் பொருந்துகிறது, அதில் வருகிற ரிவெர்பை (எதிரொலியை)ப் பற்றிக் குறை சொல்ல வாயே வராது. விற்றுவிடலாமா என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு, கோயர் மாஸ்டர் போன வாரம் கேட்டார், "இவ்வளவு நல்ல சாமானை ஏன் தம்பி விக்கணும்னு சொல்றே?" கரகரப்புக்கு 3,500 ரூபாயில் ஒரு ஓவர்டிரைவ் பெடல் வாங்கி வைத்திருக்கிறேன். சிவப்பு ஒயர் பெடலுக்கு, கறுப்பு ஒயர் ஆம்ப்புக்கு.