ஐந்து ரோடு பக்கம் நடக்கும் பிரிட்டன் முன்தயாரிப்பு வகுப்பு: போகலாமா?

சேலத்திலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்காக ஒரு கன்சல்டன்சி நடத்தும் அரைநாள் வகுப்பு இது. மார்க் விஷயத்தை அருமையாக விளக்குகிறார்கள். அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. பாஸ் மார்க் பொதுவாக இளநிலையில் 40, முதுநிலையில் 50. அதனால் 62 வந்தால் பிள்ளைகளும் கலங்க வேண்டாம், பெற்றோரும் திட்ட வேண்டாம். அசைன்மென்ட்டில் அடுத்தவர் வரியை எடுத்துப் போட்டால் ‘டர்னிடின்’ மென்பொருள் அதை அப்படியே நிறம் தீட்டிக் காட்டுவதைத் திரையிலேயே போட்டுக் காண்பிக்கிறார்கள். இதற்காகவே போகலாம்.

பெட்டி கட்டும் பகுதிதான் சொதப்பல். நெய், பால்கோவா எடுத்துப் போகலாம் என்கிறார்கள், தவறு. இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களுக்குத் தடை. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். மூன்று தட்டை முள் அடாப்டர் போதும், கன்வெர்ட்டர் வீண் செலவு. போனதும் பக்கத்து ஜி.பி. எனும் பொது மருத்துவரிடம் பதிவு செய்ய வேண்டியதைச் சொல்லவே இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.