பிப்ரவரி 29 தாளும் மேலமாசி வீதியும்: ஒரு சிறுவர் நாள்காட்டியைப் பற்றி

மதுரை தமுக்கம் மைதானத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காகச் சிறுவர் நாள்காட்டி ஒன்றை 340 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் குறைகளையும் சொல்லப்போவதால் வெளியிட்டவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். ஏறத்தாழ இதே அமைப்பில் வேறு சிலவும் கடைகளில் கிடைப்பதால், இங்கே சொல்லுபவை அவற்றுக்கும் ஓரளவு பொருந்தும். கிழமை அச்சிடப்படாத 366 தாள்கள் என்பதால் ஆண்டு முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேலே தேதி, நடுவில் அந்நாளில் நடந்த இரண்டு அல்லது மூன்று நிகழ்வுகள், அதன் கீழே அன்று பிறந்தவர்கள், அடியில் ‘என் குறிப்பு’ என்ற தலைப்பில் இரண்டு வெற்றுக் கோடுகள். மளிகைக் கடையின் பெயரைத் தாங்கிச் சிவகாசியிலிருந்து வரும் தினசரி காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரில் ராகு காலமும் சந்திராஷ்டமமும் சொல்லிக்கொண்டிருக்க, இது மகளின் மேசையில் நிற்கிறது.

வாங்கிய அன்றே அவள் புரட்டியது பிப்ரவரி 29ஆம் நாளுக்குரிய தாளைத்தான். எந்தக் குழந்தையும் அதைத்தான் முதலில் தேடும் என்று நினைக்கிறேன். அந்தத் தாளில் இரண்டு பிறந்தநாள்கள் இருக்கின்றன: 1896இல் பிறந்த மொரார்ஜி தேசாய், 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதத்துக்குப் பொதுமேடையில் மதிப்புத் தேடித்தந்தவரும் கலாக்ஷேத்திராவை நிறுவியவருமான ருக்மிணி தேவி நம்மூரில் பிறந்தவர் என்பது மகளுக்கு மட்டுமல்ல, அருகில் இருந்த என் தம்பிக்கும் புதிய செய்தியாக இருந்தது. ஆனால் நாள்காட்டி இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. சுவையான செய்திகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டாகும் என்பதால் 1900இல் பிப்ரவரி 29 வரவில்லை. ஆகவே மொரார்ஜிக்குப் பிறந்த தேதி முதன்முறையாகத் திரும்பி வந்தது எட்டு வயது நிறைந்த 1904இல்தான். சரியாக அதே நாளில்தான் ருக்மிணி தேவி பிறந்தார். 1977இல் பிரதமராக இருந்த மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பியதும், அவர் அதை ஏற்காமல் விலகிக்கொண்டதும் இந்தக் கதையின் மறுபாதி. நான்கே வரிகள் கூடுதலாக அச்சிட்டிருந்தால், ஒரே தாளில் லீப் ஆண்டுக் கணக்கும் ஒரு நல்ல கதையும் சேர்ந்திருக்கும்.

தேதிகளைக் கையாளும் முறையிலும் இதே அவசரம் தெரிகிறது. ஐசக் நியூட்டனின் பிறந்தநாள் டிசம்பர் 25ஆம் தாளிலும் இருக்கிறது, ஜனவரி 4ஆம் தாளிலும் இருக்கிறது. “அப்பா, நியூட்டனுக்கு மட்டும் ரெண்டு பொறந்தநாளா?” என்று மகள் கேட்டாள். உண்மையில் இரண்டுமே சரி. அவர் பிறந்தபோது இங்கிலாந்து பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றியதால் அங்கே அது 1642 டிசம்பர் 25. புதிய கிரெகோரியன் முறைக்கு ஏற்கெனவே மாறியிருந்த நாடுகளில் அதே நாள் 1643 ஜனவரி 4. இங்கிலாந்து 1752இல் மாறியபோது செப்டம்பர் 2க்கு மறுநாளே செப்டம்பர் 14 என்று ஆனது என்பதைச் சொன்னதும், இடையில் பிறந்தநாள் வரவேண்டியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியொரு கேள்வியை எழுப்பும் இரண்டு தாள்களைத் தயாரித்தவர்கள், இது தெரிந்தே செய்ததா, இருவேறு இடங்களிலிருந்து எடுத்து எழுதியதால் நேர்ந்ததா என்று ஊகிக்க இடமளிக்காமல் ஒரு விளக்க வரியைச் சேர்த்திருக்க வேண்டும்.

மனிதன் நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20 என்று இதில் உள்ளது. அமெரிக்கக் கணக்கில் அது சரிதான். ஈகிள் கலம் நிலவைத் தொட்டபோது நம் நாட்டில் ஜூலை 21, அதிகாலை மணி 1:47. பாரதியார் மறைந்த நாள் 1921 செப்டம்பர் 11 என்று உள்ளது. நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்ததால் அதை 12 என்று எழுதுவோரும் உண்டு. சூரிய உதயத்திலிருந்து நாளைத் தொடங்கும் நம் பஞ்சாங்க வழக்கத்தில் விடிவதற்கு முந்திய பொழுது முந்தைய நாளைச் சேர்ந்தது என்பதை, ஆணியில் தொங்கும் சிவகாசிக் காலண்டரைக் காட்டித்தான் நான் விளக்க முடிந்தது.

எனக்குப் பெரிய மனக்குறை வேறு. தமிழில் தயாரித்து, மதுரையில் விற்கப்படும் ஒரு பொருளில் மதுரை மிகக் குறைவாகவே இருக்கிறது. ஜூலை 8ஆம் தாளில், 1497இல் வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து புறப்பட்டது வருகிறது. 1939இல் அதே நாளில் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஆலயப் பிரவேசம் வரவில்லை. ஜனவரி 15இல் மார்ட்டின் லூதர் கிங் இருக்கிறார், அது முறையே. ஆனால் 1841இல் அதே நாளில் பிறந்து, பெரியாற்று நீரை வைகைப் பக்கம் திருப்பிய அணையைக் கட்டிய பென்னிகுவிக் இல்லை. மேலூர்ப் பக்கம் நெல் விளையும் வயல்களைப் பார்த்து வளரும் குழந்தைக்கு இந்தப் பெயர் முதலில் தெரிய வேண்டாமா? செப்டம்பர் 16இல் எம். எஸ். சுப்புலட்சுமி இருக்கிறார், மதுரையில் பிறந்தவர் என்ற குறிப்புடனேயே. அந்த அளவுக்கு ஆறுதல். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டதைச் சரியாகக் குறித்துவிட்டு, கீழடியை மதுரை மாவட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது சிவகங்கை மாவட்டம் என்பதைத் திருப்புவனம் பேருந்தில் போகிற யாரும் சொல்வார்கள்.

செப்டம்பர் 22ஆம் தாளில் மைக்கேல் ஃபாரடே மட்டுமே இருந்தார். புத்தகக் கட்டடம் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்ட சிறுவன் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவராக வளர்ந்த செய்தி அழகாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் 1921இல் அதே நாளில் மேலமாசி வீதி வீடொன்றிலிருந்து காந்தியடிகள் முழங்கால் வரையிலான வேட்டியோடு வெளியே வந்தார் என்பது இல்லை. அன்று மாலை மகளை அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். கீழே கதர்க் கடை, மேலே அவர் தங்கியிருந்த இடம். திரும்பி வந்ததும் அவள் ‘என் குறிப்பு’ கோடுகளில் எழுத முயன்று, இடம் போதாமல், துண்டுத் தாளில் எழுதி ஒட்டினாள். இப்போது அதுபோல் பதினான்கு தாள்களில் ஒட்டுத்துண்டுகள் இருக்கின்றன; ஜூலை 8இலும் ஒன்று. நாள்காட்டியில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அந்த இரண்டு வெற்றுக் கோடுகள்தான். அவை இரண்டாக இல்லாமல் ஆறாக இருந்திருக்கலாம்.

தமிழ் நடை பெரும்பாலும் தெளிவு. சில தாள்களில் மட்டும் மொழிபெயர்ப்பின் வறட்சி. எழுத்தளவு பத்து வயதுக் கண்ணுக்குப் போதுமானது. தாள் நல்ல கனம். சுருள்கம்பி மட்டும் மட்டமானது. எட்டாம் மாதத்திலேயே முனை விலகி, தாளைத் திருப்பும்போது ஓட்டைகள் கிழியத் தொடங்கின. முக்கோண அட்டைத் தாங்கியின் பசையும் மழைக்காலத்தில் விட்டுப்போனது. மேசை விளிம்பில் அதை இப்போது ஒரு செங்கல் தாங்குகிறது.

தானாகப் படித்துக்கொள்ளட்டும் என்று குழந்தையிடம் கொடுத்துவிட நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளுக்கு ஐந்து நிமிடம் உடன் உட்கார ஒருவர் இருக்கும் வீடாக இருந்தால் 340 ரூபாய் தகும். கடையில் வாங்கும்போது உறையைப் பிரித்துச் சுருள்கம்பியின் இரு முனைகளையும் பார்த்து வாங்குங்கள். கூடவே ஒரு பசைக் குச்சியும்.