ஏல லிஸ்டிங் தானாக மாறுவதைத் தடுக்க எந்த வழி மேல்? கையாலா, சிஎஸ்வியா, மென்பொருளா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஆக்ஃபா கிளிக் 3 கேமரா ஒன்றை ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் ஏலத்துக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். தலைப்பை அடித்து முடித்ததும் ஃபிலிம் வகை, நிலை, தயாரித்த நாடு போன்ற கட்டங்களுக்குத் தளமே பதில் எடுத்துக் கொடுக்கும். இந்தக் கேமராவில் 120 ஃபிலிம்தான் போட முடியும். கட்டத்தில் 35 மி.மீ. என்று ஏறியிருப்பதைப் பார்க்காமல் வெளியிட்டுவிட்டால், ஜெர்மனியில் வாங்கியவர் ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்று திருப்பி அனுப்ப உரிமை உண்டு. அந்தத் திரும்பு தபால் செலவும் விற்றவர் தலையில்தான் விழும். கேமராவின் விலையைவிட அது கூடுதலாகவே இருக்கும்.

ஏலம் இல்லாமல் ஒரே விலை குறித்த லிஸ்டிங்கில் (விற்பனைப் பதிவில்) இப்படிப் பிழை வந்தால் எப்போது பார்த்தாலும் திருத்திவிடலாம். ஏலத்தில் அது நடக்காது. ஒருவர் பிட் (ஏலக் கேட்பு) வைத்துவிட்டாலோ, முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தாலோ பெரும்பாலான பகுதிகள் பூட்டிக்கொள்ளும். விவரணையில் கூடுதலாக ஒரு குறிப்பு சேர்க்கத்தான் முடியும். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட வேண்டும்: முதல் பிட் விழுவதற்குள் மாற்றத்தை அது கண்ணில் காட்டுகிறதா?

கையால் லிஸ்ட் செய்வது

மாதம் இருபது, முப்பது லாட் (ஏலப் பொருள்) போடுபவர்களுக்கு இது போதும். படிவத்தில் மூன்று சுவிட்சுகளைத் தேடிப் பாருங்கள்: தானாக ரீலிஸ்ட் ஆவது (மறுபடி ஏலத்தில் ஏறுவது), பேரம் ஏற்பது, விளம்பரம். விற்காத ஏலத்தைத் தளம் 8 முறை வரை தானாக ரீலிஸ்ட் செய்யும். அதாவது முதல் வாரத்தில் கவனிக்காமல் விட்ட தவறு ஒன்பது ஏலங்களில் ஓடலாம். ஒற்றைப் பொருளை விற்பவர்கள் இதை அணைத்துவிடுவதே நல்லது. நேரில் வேறொருவருக்கு விற்றுவிட்ட பொருள் மறுபடி ஏலத்தில் ஏறுவதும் இதனால்தான்.

பழைய லிஸ்டிங்கை ‘செல் சிமிலர்’ கொடுத்து நகலெடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். போன மாதம் அணைத்த சுவிட்ச் புதிய படிவத்தில் மறுபடி ஆன் ஆகியிருக்கலாம். நகல்தானே என்று நேரே வெளியிடும் இடத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய புத்தகம் விற்பவர்களுக்கு வேறொரு தொல்லை: ஐஎஸ்பிஎன் எண்ணை அடித்தால் கேட்டலாக்கில் இருக்கும் அட்டைப் படமும் விவரமும் வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் கையில் இருப்பது வேறு அச்சாக இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு, சொந்தமாக எடுத்த படங்களைப் போடுங்கள். 24 படம் வரை இடம் இருக்கிறது.

இந்த வழியின் பெரிய குறை, உங்கள் கையில் மூலப்படி எதுவும் மிஞ்சாது என்பதே. என்ன மாறியது என்று கேட்டால் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டும்.

சிஎஸ்வி கோப்பு

சிஎஸ்வி (CSV) என்பது அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு. ஈபேயில் விற்பவர்களுக்கான செல்லர் ஹப் பக்கத்தின் ரிப்போர்ட்ஸ் பகுதியில் டெம்ப்ளேட்டை இறக்கி, எக்செல்லில் நிரப்பி ஏற்றும் முறை இது. ஐம்பது லாட்டைத் தாண்டியவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கோப்பே மூலப்படி ஆகிவிடுவதுதான் காரணம்.

செய்முறை இப்படி. ஆக்‌ஷன் (Action) நிரலில் முதலில் ‘வெரிஃபைஆட்’ (VerifyAdd) போட்டு ஏற்றுங்கள். லிஸ்டிங் வெளியாகாது, பிழைகளும் கட்டணமும் மட்டும் தெரியும். சரியென்றால் ‘ஆட்’ (Add) என்று மாற்றி ஒரே ஒரு முறை ஏற்றுங்கள். அதே கோப்பை மறதியாக இரண்டாம் முறை ஏற்றினால் ஒரே பொருளுக்கு இரண்டு ஏலம் ஓடும். ஒவ்வொரு லாட்டுக்கும் கஸ்டம் லேபிள் (நீங்களே வைக்கும் அடையாள எண்) கட்டாயம் கொடுங்கள். ஏறியதும் செயலில் உள்ள லிஸ்டிங் அறிக்கையை இறக்கி, அந்த லேபிளை வைத்து விலுக்-அப் (VLOOKUP, ஒரு தாளின் தகவலை இன்னொன்றுக்கு எடுத்துவரும் எக்செல் ஃபார்முலா) போட்டு, தலைப்பு, தொடக்க விலை, பொருளின் நிலை மூன்றையும் எக்ஸாக்ட் (EXACT) ஃபார்முலாவால் ஒப்பிடுங்கள். ‘ஃபால்ஸ்’ என்று வரும் வரிதான் மாறியது. ஃபிலிம் வகை, தயாரித்த நாடு போன்ற கட்டங்களை (ஐட்டம் ஸ்பெசிஃபிக்ஸ்) மட்டும் லிஸ்டிங் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

சிஎஸ்வியைக் கெடுப்பது பெரும்பாலும் எக்செல்தான். 00127 என்ற லேபிள் 127 ஆகிவிடும். 12 இலக்க ஐட்டம் எண் 1.23E+11 போலச் சுருங்கி, சேமித்ததும் அப்படியே நிலைத்துவிடும். கோப்பை இருமுறை தட்டித் திறக்காதீர்கள். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, அந்த இரு நிரல்களையும் டெக்ஸ்ட் என்று குறியுங்கள். சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 தேர்வு செய்யுங்கள்.

மூன்றாம் தரப்பு மென்பொருள்

பல தளங்களில் ஒரே சரக்கை விற்பவர்களுக்கு உதவும். ஏலத்துக்கு உதவாது. ஈபேயில் நீங்கள் கையால் திருத்தியதை, அடுத்த சிங்க் (தகவலை ஒத்துப்போகச் செய்வது) நடக்கும்போது மென்பொருள் தன்னிடமுள்ள பழைய படியால் அழித்து எழுதும். அப்போது மாற்றியது தளமா, மென்பொருளா என்று கண்டுபிடிப்பதற்குள் பிட் விழுந்துவிடும். மாதச் சந்தா கட்டி இன்னொரு கையை உள்ளே விட வேண்டுமா என்று யோசியுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் சிங்க்கை ஒரு வழியாக மட்டும் வையுங்கள். ஏல லாட்டுகளை அதிலிருந்து விலக்கிவிடுங்கள்.

தபால்தலை, பழைய அஞ்சலட்டை, நாணயம் மட்டும் விற்பவர்கள் பெல்ஜியத்தின் டெல்காம்ப் தளத்தையும் பார்க்கலாம். சேகரிப்பாளர்களுக்கென்றே உள்ள இடம் அது. கேமராவுக்கும் பித்தளைச் சாமானுக்கும் அங்கே கூட்டம் குறைவு.

தபால் பாலிசி

எந்த வழியானாலும் பொதுவான பொறி இது. ஒரே தபால் பாலிசியில் (எந்த நாட்டுக்கு எப்படி அனுப்புவது என்ற அமைப்பில்) கட்டிய லிஸ்டிங் அனைத்தும், அந்தப் பாலிசியைத் தொட்டால் சேர்ந்து மாறும். 2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சலை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. அக்டோபர் 15-ல்தான் மீண்டும் எடுத்தது. அமெரிக்காவை விலக்காமல் தானாக ரீலிஸ்ட் ஆக விட்டிருந்தவர்களுக்குக் காசு வந்திருக்கும், அஞ்சல் வழியாகப் பார்சலை அனுப்ப வழி இருந்திருக்காது. அமெரிக்காவுக்குத் தனியாக ஒன்று, மற்ற நாடுகளுக்கு ஒன்று என இரண்டு பாலிசி வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட சமயத்தில் ஒன்றைத் தொட்டால் போதும்.

கடைசிப் பரிசோதனைக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடியும் ஏலம், சென்னையில் திங்கள் காலை 6:30-க்கு முடியும். அவர்களுடைய குளிர்காலத்தில் 7:30. அப்படியென்றால் 12 மணி நேரப் பூட்டு நம் ஞாயிறு மாலை 6:30-க்கு விழும், அவர்களுடைய குளிர்காலத்தில் 7:30-க்கு. ஒப்பீட்டுத் தாளை லிஸ்ட் செய்த அன்றே ஒரு முறை ஓட்டுங்கள், பிட் விழாத லாட்டுகளுக்கு ஞாயிறு மதியம் இன்னொரு முறை.