ஆட்டோகிராஃப் போட்ட வினைல்னு சொல்லி 18,500 ரூபா ஏமாத்திட்டாங்க, வாங்குறவங்க உஷார்

மக்களே, கோவம் இன்னும் அடங்கல, கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. பழைய வினைல் ரெக்கார்டு, அதுலயும் 'ஃபர்ஸ்ட் பிரஸ்' (முதல் தடவை அடிச்ச தட்டு), 'ஆட்டோகிராஃப் காப்பி' அப்படி இப்படினு சொல்லி ஆன்லைன்ல விக்கிறவங்ககிட்ட வாங்குற ஆளா இருந்தா தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. எனக்கு 18,500 ரூபா போச்சு. வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன்.

பேஜ் பேரையும் ஆப் பேரையும் இப்ப சொல்ல முடியாது, கம்ப்ளெயின்ட் ஓடிட்டிருக்கு. போட்டோ, வீடியோ போடுற ஆப்புல பழைய இசைத்தட்டு, கேசட், பிளேயர் விக்கிற ஒரு பேஜ், அவ்ளோதான் சொல்லுவேன். ஆயிரக்கணக்குல ஃபாலோயர்ஸ். மேல வரிசையா கஸ்டமருங்க தேங்க்ஸ் சொன்ன ஸ்க்ரீன்ஷாட். ஒண்ணுலகூட பேர் கிடையாது, எல்லாத்தையும் அழிச்சுதான் போட்டிருக்கான்.

என்ன வாங்கப் போனேன்னு சொன்னாதான் அவன் எங்க கை வச்சான்னு புரியும். கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ், நார்வேல பெர்கன் ஊர்க்காரங்க ரெண்டு பேர், எர்லெண்ட் ஓயே, எய்ரிக் கிளாம்பெக் போ. ரெண்டு பேரும் 1975ல பொறந்தவங்க, ஒரே பள்ளிக்கூடம். டீனேஜ்ல இன்னும் ரெண்டு பசங்களோட சேந்து ஸ்கோக்னு ஒரு பேண்டு வச்சிருந்தாங்க, அது ஒரே ஒரு இபியோட (நாலஞ்சு பாட்டு இருக்குற சின்ன ஆல்பம்) நின்னுருச்சு, அப்புறம் இவங்க ரெண்டு பேர் மட்டும் ரெண்டு கிட்டாரை எடுத்துக்கிட்டு உக்காந்தாங்க. ஒருத்தர் கையில நைலான் கம்பி, இன்னொருத்தர் கையில ஸ்டீல் கம்பி, பாடும்போது ரெண்டு குரலும் ஒட்டிக்கும், எது யாருதுனு பிரிக்கிறதே கஷ்டம். 2001ல 'கொயட் இஸ் த நியூ லவுட்' வந்துச்சு. கோல்ட்ப்ளேவோட முதல் ஆல்பத்துல வேலை பாத்த கென் நெல்சன்தான் இதுக்கும் புரொடியூசர். அப்ப அமைதியா கிட்டார் வச்சு பாடிட்டிருந்த அத்தனை பேருக்கும் பத்திரிகைக்காரங்க இந்த ஆல்பம் பேரையே ஒட்ட வச்சாங்க, அந்த அளவுக்குப் பேசப்பட்டுச்சு.

நானும் என் தோழியும் ஹாஸ்டல் ரூம்ல இவங்க பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் ரெண்டு கிட்டார் சேந்து வாசிக்கப் பழகினோம். வார்டன் வந்து கதவைத் தட்டினாலும் சத்தம் ஜாஸ்தினு சொல்ல முடியாது, அப்படி மெதுவா வாசிக்கிற இசை இது. 2009 ஆல்பத்துக்கு அப்புறம் அடுத்தது எப்ப வரும் எப்ப வரும்னு காத்துக்கிடந்து, 2021 ஜூன்ல 'பீஸ் ஆர் லவ்' வந்தப்ப அவ ஒரு ஊர்ல நான் ஒரு ஊர்ல இருந்து போன்ல ஒண்ணாப் போட்டுக் கேட்டோம். இப்ப அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. மிக்ஸி, கிரைண்டர், வெள்ளி விளக்கு எல்லாம் வேற யாராவது குடுப்பாங்க, நான் குடுக்குறது அவ பத்திரமா வச்சுக்குற மாதிரி இருக்கணும்னு அந்த 2001 ஆல்பத்தோட பழைய பிரஸ் வினைலைத் தேடினேன். டியூஷன் எடுத்து சேத்து வச்ச காசு.

அப்பதான் இந்த பேஜ்ல அந்த ஆல்பம் கவர் போட்டோ, மேல ரெண்டு கையெழுத்து. மெசேஜ் பண்ணினேன். மத்த விக்கிறவங்க எல்லாம் 'அவைலபிள், டிஎம் ஃபார் பிரைஸ்'னு ரெண்டு வார்த்தைல முடிச்சுருவாங்க. இவன் எடுத்த உடனே வாய்ஸ் நோட்டு போட்டான். "அக்கா, இவங்களை நம்ம பக்கம் கேக்குறவங்களே கம்மி, நீங்க கேட்டது எனக்கு அவ்ளோ சந்தோஷம்"னு ஆரம்பிச்சான் பாருங்க. நான் 2001 ஆல்பத்தை முதல் ஆல்பம்னு சொன்னதுக்கு, "இல்லக்கா, அதுக்கு முந்தி 2000லயே அமெரிக்கால கிண்டர்கோர்னு ஒரு சின்ன லேபிள் இவங்க பேர்லயே ஒண்ணு போட்டாங்க, அதுல இருந்த சில பாட்டுதான் இதுல திரும்ப வந்துச்சு"ன்னான். சரியான தகவல். அது தெரிஞ்ச ஆளை நான் நேர்ல பாத்ததே இல்ல. எர்லெண்ட் பெர்லின் போயி டிஜேவா சுத்தினது, 2003ல பத்து ஊர்ல பத்து புரொடியூசரை வச்சு தனி ஆல்பம் பண்ணினது, அங்கயே வொயிட்டஸ்ட் பாய் அலைவ்னு ஆட வைக்கிற பேண்டு ஆரம்பிச்சது, எய்ரிக் மட்டும் பெர்கன்லயே இருந்து சைக்காலஜி படிச்சது, எல்லாம் சொன்னான். ஒருத்தர் ஊர் ஊரா போகணும்னு நினைக்கிறவர், ஒருத்தர் வீட்டுல இருக்கணும்னு நினைக்கிறவர், அதனாலதான்கா ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அவ்ளோ வருஷம் ஆகுதுனு அவன் சொன்னப்ப நான் என் தோழிகிட்ட பேசுற மாதிரியே இருந்துச்சு. ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம்.

நம்பிக்கை வந்தது அங்கதான். விலையைப் பத்தி அவன் பேசவே இல்ல, நான்தான் கேட்டேன். "கையெழுத்து 2001 டூர்ல ஒரு ஷோ முடிஞ்சு வாங்கினது, ஜெர்மனில ஒரு கலெக்டர் வச்சிருந்தாரு, உண்மையான ரசிகருக்குத்தான் குடுக்கணும்னு எடுத்து வச்சிருந்தேன்கா"ன்னான். 18,500. கேஷ் ஆன் டெலிவரி கேட்டேன், கலெக்டர் ஐட்டத்துக்குக் கிடையாதுன்னான். முதல்ல 5,000 அட்வான்ஸ் அனுப்பினேன், பேக் பண்ணின போட்டோ வந்துச்சு, அப்புறம் மிச்சம் 13,500. ரெண்டும் யூபிஐல. பணம் போன உடனே "கல்யாணப் பொண்ணுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கக்கா"ன்னு ஒரு வாய்ஸ் நோட்டு வேற. அதை இப்ப கேட்டா வயிறு எரியுது.

பார்சல் வந்துச்சு. வீடியோ எடுத்துக்கிட்டேதான் பிரிச்சேன். கவரைத் தொட்டதுமே சந்தேகம், அட்டை ரொம்ப மெல்லிசு, ஓரத்துல வெட்டு கோணலா இருக்கு. போன் கேமராவை ஜூம் பண்ணி கையெழுத்துக்கிட்ட கொண்டு போனா பேனா மை ஓடின கோடே இல்ல, புள்ளி புள்ளியா பிரிண்ட். பேனா அழுத்தின தடம் அட்டைல எங்கயுமே கிடையாது, விரலால தடவினா வழவழனு இருக்கு. தட்டு நடுவுல இருக்குற வட்ட லேபிளை ஈர விரலால லேசா தேய்ச்சேன், கட்டைவிரல் பூரா நீல மை. லேபிளைச் சுத்தி பாட்டு இல்லாம ஒரு வெறும் வளையம் இருக்கும் பாத்திருக்கீங்களா, கம்பெனி பிரஸ் பண்ணின தட்டுல அங்க பொடிப்பொடியா நம்பர் கீறியிருக்கும். இதுல மொட்டையா இருந்துச்சு.

அப்பவும் மனசு கேக்காம பிளேயர்ல போட்டேன். முதல் பக்கம் ஒரே இரைச்சல், எம்பி3ல இருந்து எடுத்து வெட்டின சத்தம். ரெண்டாவது பக்கம் கடைசிப் பாட்டு வந்துச்சு பாருங்க, அதுல ஒரு பொண்ணு குரல், கனடா பாடகி ஒருத்தங்க. ஃபைஸ்ட். ஃபைஸ்ட் இவங்களோட சேந்து பாடினது 2004ல வந்த 'ரயட் ஆன் அன் எம்ப்டி ஸ்ட்ரீட்' ஆல்பத்துல! அந்த ஆல்பத்துல ரெண்டு பாட்டு, அப்புறம் 2021ல திரும்ப வந்து பாடினாங்க. 2001ல பிரஸ் பண்ணி 2001லயே கையெழுத்து வாங்கின தட்டுல 2004 பாட்டு எப்படிங்க வரும்? யாரோ ஆன்லைன்ல இருந்து கைக்குக் கிடைச்ச பாட்டை எல்லாம் இறக்கி ஒரு தட்டுல கீறி வச்சிருக்காங்க. அதுக்கு என்கிட்ட 18,500.

வீடியோ, போட்டோ எல்லாத்தையும் உடனே அனுப்பினேன். முதல் பதில், "அக்கா அது ஜப்பான் எடிஷன், போனஸ் ட்ராக் இருக்கும்." 2001 ஜப்பான் எடிஷன்ல 2004 பாட்டான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் டைப்பிங் டைப்பிங்னு காட்டிச்சு, அப்புறம் "ரீமிக்ஸ் எடிஷனா இருக்கும் மேடம்"னு வந்துச்சு. அக்கா மேடம் ஆயாச்சு. ரீமிக்ஸ் ஆல்பம் 'வெர்சஸ்', அதுவும் 2001லயே வந்தது, ராய்க்சாப், ஃபோர் டெட் எல்லாம் பண்ணினது, அதுல ஃபைஸ்ட் எங்க இருக்காங்கனு கேட்டேன். கிண்டர்கோர் வரைக்கும் விரல் நுனியில வச்சிருந்தவனுக்கு அதுக்கு மேல ஒண்ணுமே தெரியல. "வீடியோல டேப் கட் பண்றது க்ளியரா இல்ல, நீங்களே தட்டை மாத்தியிருக்கலாம், ரிட்டர்ன் பாலிசி பேஜ்ல இருக்கு படிங்க." இவ்ளோதான். போன் பண்ணினா எடுக்கல. வேற நம்பர்ல இருந்து பண்ணினேன், எடுத்து என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டான். அப்புறம் பிளாக்.

ஆப்ல ரிப்போர்ட் பண்ணினேன், எங்க விதிமுறையை மீறலனு ஆட்டோமேட்டிக்கா ஒரு பதில் வந்து விழுந்துச்சு, ஆள் யாரும் பாத்த மாதிரியே தெரியல. பேங்க்ல போய் கேட்டா "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா, சைபர் க்ரைம்ல பாருங்க"ன்னு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க. கூரியர்காரங்க அனுப்பினவர் அட்ரஸ் தர மாட்டாங்களாம். பார்சல் மேல இருந்த அட்ரஸ்ல கடை நம்பர்கூட இல்ல, ஒரு ஏரியா பேரும் பின்கோடும் மட்டும்தான்.

வீட்டுல 'ஒரு தட்டுக்கு யாராவது 18,500 குடுப்பாங்களா'னு கேக்குறாங்க. குடுப்பாங்க. 2009ல வந்த 'டிக்ளரேஷன் ஆஃப் டிபென்டன்ஸ்' ஆல்பத்துல டிரம்ஸே கிடையாது, ரெண்டு கிட்டாரும் ரெண்டு குரலும்தான் முக்காவாசி, கிட்டார் உடம்புல கை தட்டுறதுதான் தாளம். அந்த மாதிரி ஒரு இசைக்காக வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க எங்கள மாதிரி கொஞ்சம் பேர் இருக்காங்க, எங்களுக்கு அது பெருசு. ரெண்டு பேர், பெரிய ஹிட்டு விளம்பரம் எதுவும் துரத்தாம, அவங்க இஷ்டத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல சேந்து பாடிட்டிருக்காங்க. அதை மதிச்சுக் குடுத்த காசு அது. தப்பு பண்ணினவன் அவன். அந்த ரெண்டு பேர் கதையை அவன் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கறதே என்ன மாதிரி ஆளுங்ககிட்ட சொல்றதுக்குத்தான். நேத்து ஒருத்தர் மெசேஜ் பண்ணினாங்க, அவங்ககிட்ட வேற ஒரு பேண்டு பேரைச் சொல்லி இதே மாதிரி ராத்திரி பூரா பேசியிருக்கான், கலெக்டர் மட்டும் ஜெர்மனிக்குப் பதிலா ஹாலந்துல இருந்தாராம். அவங்களுக்கும் பணம் போச்சு.

சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிட்டு கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு, நம்பர் வந்துருக்கு. கல்யாணம் நெருங்குது, தோழிகிட்ட இன்னும் சொல்லல.

சரி, என்ன பாக்கணும்னு சொல்றேன்னேன்ல. அட்வான்ஸ் கேட்டா குடுக்காதீங்க, முழுப்பணத்தை யூபிஐல நேரா அனுப்பவே அனுப்பாதீங்க. லேபிளைச் சுத்தி இருக்கிற நம்பரை க்ளோசப்ல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அந்த நம்பரைப் போட்டுத் தேடுனா எந்த பிரஸ்னு ஆன்லைன்ல கிடைக்கும், அனுப்ப மாட்டேன்னா விட்ருங்க. கையெழுத்தை பக்கவாட்டு வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க. வீடியோ கால்ல தட்டை ஓட விட்டு ரெண்டு பக்கமும் கேளுங்க. பணம் போயிருச்சுனா யோசிக்காம உடனே 1930, லேட் பண்ண பண்ண பணம் வேற அக்கவுண்டுக்குப் போயிரும்ங்கறாங்க. ஆள் எவ்ளோ இனிக்க இனிக்க பேசினாலும் 18,500 பெரிய காசுங்க.

இன்னும் எழுதணும்னு இருந்தேன், கம்ப்ளெயின்ட் காப்பியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பிரிண்ட் எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க, கிளம்புறேன். இதே மாதிரி 'ஜெர்மனி கலெக்டர்' கதை கேட்டவங்க யாராவது இருந்தா பணம் அனுப்பின தேதியையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் எனக்கு அனுப்புங்க, ஒண்ணா சேத்து குடுத்துரலாம்.