பழைய ஜீப்புக்கு பெல்ட் ஃபேனா, எலக்ட்ரிக் ஃபேனா?

மஹிந்திரா எம்எம் 540 மாதிரி பழைய டீசல் ஜீப்பில் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேன், எஞ்சின் சுற்றும் பெல்ட்டில் வாட்டர் பம்ப்போடு சேர்ந்தே சுற்றும். இறக்கை போனால் அதே அளவில் வாங்கி மாட்டி பெல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. சிக்கல் என்னவென்றால், மலையில் லோ கியரில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று தேவைப்படுவதே அப்போதுதான்.

எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் வேகத்தைப் பார்க்காது, ஆற்றில் இறங்கும் முன் சுவிட்சைத் தட்டி நிறுத்தியும் வைக்கலாம் (ஓடுகிற ஃபேன் தண்ணீரில் வளைந்து ரேடியேட்டரைக் கிழிப்பது நடக்கிற கதைதான்). அப்புறம் வயரிங். பெரிய ஃபேன் 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் வரை சாதாரணமாக இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் இன்னும் அதிகம். ரிலே (அதிக கரண்டைத் தாங்கும் தானியங்கி சுவிட்ச்), ஃபியூஸ், தடித்த வயர் எதுவும் இல்லாமல் ஹெட்லைட் லைனிலிருந்து இழுத்துக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பிளாஸ்டிக் டையை (கட்டும் பட்டை) ரேடியேட்டருக்குள் செருகி ஃபேனைக் கட்டினால் உரசி உரசி ஒழுகும், தனி பிராக்கெட் அடியுங்கள். ஆல்டர்னேட்டர் (வண்டிக்கு மின்சாரம் தருவது) பழசு, ஓட்டம் தார்ச்சாலையில்தான் என்றால் நான் பெல்ட் ஃபேனைத் தொடவே மாட்டேன்.