இரண்டு நெட் லைன், ஒரு ஃபயர்வால்: பணம் கொடுக்கும் முன் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறேன். எங்களுக்கு ஃபயர்வால் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று, எது எந்த லைனில் போக வேண்டும் என்று பிரித்துவிடும் பெட்டி) மாட்டிய டீலரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு லைன் வைத்திருக்கும் எந்த ஆபீஸிலும் இது நடக்கலாம்.

எங்களிடம் இருப்பது ஒரு லீஸ்டு லைன் (கம்பெனிக்கென்றே தனியாக எடுக்கும் லைன்), ஒரு சாதாரண ஃபைபர். லீஸ்டு லைனுக்கு நிலையான ஐபி, அதாவது மாறாத இன்டர்நெட் முகவரி, உண்டு. வெளிநாட்டு பையரின் தளம் அந்த ஐபியிலிருந்து போனால்தான் திறக்கும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: அக்கவுண்ட்ஸும் மெர்ச்சண்டைசிங்கும் லீஸ்டு லைனில் போக வேண்டும், கேமராவும் மற்ற செக்‌ஷன்களும் ஃபைபரில் போக வேண்டும், ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ள வேண்டும். "ஆட்டோ ஃபெயில்ஓவர், ஒரு நொடிகூட கட் ஆகாது" என்று குவட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்தார். பெட்டியை மாட்டிய அன்றே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அக்கவுண்ட்ஸில் யாருக்கும் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) திறக்கவில்லை. இன்டர்நெட் நன்றாக வருகிறது, பக்கத்து அறையில் இருக்கும் டேலி சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. கூப்பிட்டதும் வந்தார். சர்வரில் வைரஸ் என்றார். ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற தனியாக ஒரு பில் போட்டார். அதையும் கொடுத்தோம். அப்புறமும் திறக்கவில்லை.

உண்மையில் நடந்தது என்ன என்று பிறகு கோவையிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் காட்டினார். ரவுட்டர் (எங்களிடம் அந்த வேலையையும் ஃபயர்வாலே பார்க்கிறது) பொதுவாக ஒரு பாக்கெட், அதாவது நெட்டில் போகும் தகவல் துண்டு, எங்கே போக வேண்டும் என்பதைத்தான் பார்க்கும். யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்காது. அனுப்புகிறவரை வைத்து வழி பிரிக்கத் தனி விதி எழுத வேண்டும். சோர்ஸ் பேஸ்டு ரூட்டிங், பாலிசி ரூட்டிங் என்பதெல்லாம் இதுதான். டீலர் எழுதியது ஒரே ஒரு விதி: அக்கவுண்ட்ஸ் இருக்கும் 192.168.10 வரிசையில் உள்ள மெஷின்கள் எதை அனுப்பினாலும் லீஸ்டு லைனில் தள்ளு. எங்கள் பெட்டியில் இந்த விதியைத்தான் முதலில் பார்க்கும், சாதாரண ரூட்டிங் டேபிளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலை) அதற்குப் பிறகுதான். சர்வர் இருப்பதோ 192.168.30-ல். ஆக, பக்கத்து அறைக்குப் போக வேண்டிய பாக்கெட்டும் லீஸ்டு லைனில் வெளியே போய்த் தொலைந்திருக்கிறது. உள் நெட்வொர்க்குக்குப் போகிறவற்றை விட்டுவிடு என்று அதற்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. அந்த ஒரு வரிக்காக ஒரு நல்ல சர்வரை ஃபார்மட் செய்து, எங்களிடமே காசும் வாங்கியிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்.

அடுத்து அந்த விதியை எடுத்துவிட்டு, இரண்டு லைனிலும் மாறி மாறிப் போகும்படி வைத்தார். வேகம் இரண்டு மடங்காகும் என்றார். ஒரு டவுன்லோடு ஒரு லைனில்தான் வரும், அதன் வேகம் அதிகமாகாது. வேறு தொல்லைதான் கூடியது. பேங்க் தளத்தில் உள்ளே போனதும் வெளியே தள்ளியது, ஏனென்றால் ஒரே லாகின் இரண்டு ஐபியிலிருந்து வந்தது. பையரின் தளம் ஒரு தரம் திறந்தது, மறு தரம் மறுத்தது.

மூன்றாவதாகப் பழைய விதியையே மறுபடி போட்டு, டேலிக்கு மட்டும் வழி விட்டார். சரி, ஓய்ந்தது என்று நினைத்தோம். ஷிப்மென்ட் டாக்குமென்ட் அனுப்ப வேண்டிய ஒரு நாள் மதியம் லீஸ்டு லைன் போனது. ஃபைபர் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அக்கவுண்ட்ஸில் எதுவும் திறக்கவில்லை. லைன் உயிரோடு இருக்கிறதா என்று ஃபயர்வால் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் மாடியிலேயே மாட்டியிருக்கும் லைன் கம்பெனியின் பெட்டியை. பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறது, பதில் சொல்கிறது; அதற்கு அப்பால்தான் அறுந்திருக்கிறது. 8.8.8.8 மாதிரி வெளியே உள்ள ஒரு முகவரியை அந்தந்த லைன் வழியாகவே பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு) பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும்.

நாங்களே மாற்றலாம் என்றால் அட்மின் பாஸ்வேர்டு அவரிடம். லைசென்ஸும் அவருடைய மெயிலில் பதிவாகியிருக்கிறது. கேட்டால் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுங்கள், தருகிறேன் என்கிறார். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்டி இது.

தயவுசெய்து பாக்கிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீலரை உட்கார வைத்துச் சோதியுங்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு மெஷினில் பிரவுசரிலேயே உங்கள் பொது ஐபி என்ன என்று பாருங்கள், எந்த லைன் என்று தெரிந்துவிடும். பிரிண்டர், சர்வர், இன்னொரு செக்‌ஷனின் மெஷின் எல்லாம் கிடைக்கிறதா பாருங்கள். அப்புறம் லீஸ்டு லைனைப் பிடுங்குங்கள். ஃபயர்வால் பக்கத்து ஒயரை மட்டும் அல்ல, முடிந்தால் லைன் கம்பெனியின் பெட்டிக்கு வெளியிலிருந்து வரும் கேபிளையும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ கால் அறுந்து மறுபடி சேரும், ஐபி மாறுவதால் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் புதிதாகத் திறக்கும் எதுவும் வர வேண்டும். திரும்ப மாட்டியதும் பழைய வழிக்கே போகிறதா என்றும் பாருங்கள்.

பாஸ்வேர்டு, செட்டிங் பேக்கப், உங்கள் கம்பெனி மெயிலில் லைசென்ஸ் பதிவு, இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். வெளித் தளங்களில் ஐபி பதிவு செய்திருந்தால், ஃபைபருக்கும் நிலையான ஐபி வாங்கி இரண்டையும் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் லைன் மாறினாலும் அந்தத் தளம் திறக்காது.

கோவை இன்ஜினியர் பெட்டியை ரீசெட் செய்து, எல்லா விதியையும் முதலிலிருந்து எழுதிக் கொடுத்தார். அரை நாள் வேலை. போகும்போது வாசலில் நின்று கம்பத்தைக் காட்டினார். எங்கள் இரண்டு லைனும் ஒரே கம்பத்திலிருந்து, ஒரே ஒயர்க் கட்டாகத்தான் வருகின்றன. ஃபைபரை பின் தெரு வழியாக இழுத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.