பவள நல அட்டை: புளூ பேயில் யார் சொல்வதை நம்புவது?

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு மொரீஷியஸ் லாகூன்களில் (பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத கடல்) தண்ணீரின் சூடு உச்சத்தை நெருங்கும். வருஷப்பிறப்பு வரை இறங்காது. அந்த நாட்களில் தீவின் தென்கிழக்கில் இருக்கும் புளூ பே விரிகுடாவின் பவளத்தைப் பற்றி ஒரே வாரத்தில் மூன்று பேச்சு காதில் விழும். பவளம் செத்துக்கொண்டிருக்கிறது என்று செய்தி. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, குனிந்து பாருங்கள் என்று கண்ணாடி அடிப் படகுக்காரர். செயற்கைக்கோள் வரைபடத்திலோ தீவைச் சுற்றி ஆரஞ்சும் சிவப்பும். மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை அளக்கிறது, அவ்வளவுதான். பவளத்தையே நேராக அளக்க ஒரு சாமான் இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் பவள நல அட்டை.

பார்த்தால் பெயின்ட் கடை நிற அட்டை மாதிரிதான். தண்ணீர் படலாம், பேட்டரி கிடையாது. சதுர பிளாஸ்டிக் அட்டையின் நான்கு பக்கமும் பி, சி, டி, ஈ என்று நான்கு சாயல்கள்; ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை கட்டங்கள். 1 வெளிர், 6 அடர்த்தி. பவளத்தின் நிறம் பெரும்பாலும் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். சூடு தாங்காமல் பாசி வெளியேறினால் நிறம் இறங்கும்; இதைத்தான் வெளிறல் என்கிறோம். அதே பவளத்தில் இரண்டு கட்டமோ அதற்கு மேலோ இறங்கினால் பாசியின் அடர்த்தி உண்மையாகவே குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்ட வித்தியாசம் பார்ப்பவர் கண்ணிலும் இருக்கலாம்.

கேமரா செய்யாத ஒன்றை இந்த அட்டை செய்கிறது. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் சிவப்பைத் தின்றுவிடும். படத்தில் எல்லாப் பவளமும் நீலம் பூத்துத் தெரியும். அட்டையைப் பவளத்தின் பக்கத்திலேயே பிடித்தால் இரண்டின் மேலும் ஒரே வெளிச்சம் விழுகிறது, ஒப்பீடு நிற்கிறது. இதனாலேயே அட்டையை வீட்டு பிரின்டரில் அச்சடித்து லேமினேட் செய்து எடுத்துப் போகக் கூடாது. அந்த நிறம் வேறு, கிடைக்கும் எண்ணும் வேறு. கோரல்வாட்ச் இணையதளம் வழியாக அசலை வரவழையுங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் வையுங்கள். கார் டேஷ்போர்டில் கிடந்து வெயிலில் வெளுத்த அட்டை எல்லாப் பவளத்தையும் ஆரோக்கியமாகக் காட்டும்.

இனி மற்ற மூன்று பேச்சுக்கு வருவோம். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் கோரல் ரீஃப் வாட்ச் பிரிவு தினமும் வெளியிடும் வரைபடத்தில் ஒரு கட்டம் 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர். அதாவது 25 சதுர கிலோமீட்டர். புளூ பே கடல் பூங்கா முழுவதும் சேர்ந்தே 353 ஹெக்டேர், மூன்றரை சதுர கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் ஏழு புளூ பே அடங்கும். பாறைத்திட்டுக்கு வெளியே இருக்கும் ஆழ்கடலும் அந்தக் கட்டத்தில் சேர்ந்துவிடும். போதாததற்கு இது இரவு நேர மேற்பரப்புச் சூடு. இரண்டு மீட்டர் ஆழ லாகூன் உச்சி வெயிலில் எப்படிக் கொதிக்கிறது என்பது இதில் வராது. மண்டல வரைபடங்களில் ஒரு பகுதிக்கென்று காட்டும் எண்ணும் சராசரி அல்ல, அந்தப் பகுதியின் சூடான பக்கத்தைக் காட்டும் 90-ஆவது சதமானம்.

கணக்கு இப்படி: அந்த இடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ ஏறினால்தான் எண்ணுவார்கள். ஒன்றரை டிகிரி கூடுதல் நான்கு வாரம் நின்றால் 6 டிகிரி-வாரம். கடைசி 12 வாரத்தைக் கூட்டி, 4 வந்தால் குறிப்பிடத்தக்க வெளிறல், 8 வந்தால் கடும் வெளிறலும் சாவும் எதிர்பார்க்கலாம் என்கிறார்கள். எதிர்பார்க்கலாம் என்பதுதான் இதில் முக்கியமான சொல். 1998-இல் செஷெல்ஸில் பவளம் பெருமளவு மடிந்தபோது மொரீஷியஸ் ஓரளவு தப்பியது. அந்த பிப்ரவரியில் வந்த ஆனசெல் புயலின் மேகமும் மழையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. எப்போது தண்ணீரில் இறங்க வேண்டும் என்று சொல்ல நோவாவை விட நல்ல ஆள் இல்லை. இறங்கினால் என்ன இருக்கும் என்பது அதன் வேலை அல்ல. 2024 ஏப்ரல் 15 அன்று நான்காவது உலகளாவிய வெளிறல் என்று அறிவித்தார்களே, அந்த அறிவிப்பை வைத்து ஒரு தனி விரிகுடாவுக்குத் தீர்ப்பு எழுதுவதும் அதே தவறுதான்.

செயற்கைக்கோள் படங்களிலிருந்து உலகப் பவளத்திட்டுகளை வரைந்து காட்டும் ஆலன் கோரல் அட்லஸ் என்று இன்னொன்று உண்டு. வரைபடம் அழகு, கூர்மையும் அதிகம். ஆனால் அதில் ‘பவளம்/பாசி’ ஒரே வகை. உயிருள்ள பவளமும் செத்துப் பாசி மூடியதும் ஒரே நிறத்தில் வரும். எங்கே நீந்துவது என்று தேர்ந்தெடுக்க வைத்துக்கொள்ளுங்கள், நலம் விசாரிக்க வேண்டாம்.

படகுக்காரர் காட்டுவது பெரும்பாலும் பேர்பெற்ற பெரிய மூளைப்பவளம் போன்ற உருண்டைப் பவளங்கள். இவை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். முதலில் வெளுப்பது கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா. உருண்டை நன்றாக இருக்கும்போதே பக்கத்துக் கிளைப்பவளம் பாதி போயிருக்கலாம். ஆகவே அட்டை கேட்கும் நான்கு வகையை (கிளை, உருண்டை, தட்டு, மென்பவளம்) ஒழுங்காகக் குறித்து, சராசரியையும் வகைவாரியாகவே போடுங்கள்.

அளக்கும் விதம். குறைந்தது 20 பவளம். கண்ணுக்கு வெள்ளையாகப் பட்டதையெல்லாம் தேடித் தேடி அளந்தால் முடிவு எப்போதும் சாவுதான். காலில் மாட்டிய நீச்சல் துடுப்பை ஐந்து தடவை உதைத்தபின் வலது கைக்கு அருகில் இருப்பதை எடுப்பது என்று முதலிலேயே விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மிக வெளிர்ந்த இடத்துக்கு ஒரு குறி, மிக அடர்ந்த இடத்துக்கு ஒரு குறி: டி2, டி5 என்று பென்சிலால் ஸ்லேட்டில். கிளை நுனியையும் தட்டின் ஓரத்தையும் விட்டுவிடுங்கள். புதிதாக வளரும் இடம் இயல்பாகவே வெள்ளை. நீலமும் ஊதாவும் அட்டையில் இல்லை, அந்தப் பவளங்களைத் தாண்டிப் போங்கள். அட்டை பவளத்தைத் தொடக் கூடாது, உங்கள் நிழலும் விழக் கூடாது. இரண்டு பேர் அளப்பதானால் முதல் ஐந்து பவளத்தைத் தனித்தனியே அளந்து ஸ்லேட்டை ஒப்பிட்டுவிட்டுத் தொடருங்கள். தண்ணீர்ச் சூட்டுக்கு டைவ் வாட்சை நம்பாதீர்கள். அது ஒரு டிகிரி தவறிச் சொன்னாலும் நோவாவின் எல்லைக்கோடு முழுவதும் அதில் போய்விடும்.

வெளுத்ததெல்லாம் பால் அல்ல. கடலுக்கடியில் வெளுத்ததெல்லாம் வெளிறலும் அல்ல. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வெளிறிய பவளம் உயிரோடு இருக்கும்: வெண்மைக்கு மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதை, உற்றுப் பார்த்தால் உள்ளிழுத்த பாலிப் (பவளத்தைக் கட்டும் சிற்றுயிர்) வாய்கள். செத்ததில் அந்தச் சதை இருக்காது. சுண்ணாம்புக் கூட்டின் குழிகள் கூர்மையாக, உலர்ந்த எலும்பு போலத் தெரியும். சில நாட்களில் அதன் மேல் பச்சையோ பழுப்போ மெல்லிய ரோமமாகப் பாசி பிடிக்கும். வெள்ளைக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே வெட்டினாற்போல் கோடு இருந்தால் சூட்டைக் குற்றம் சொல்லுமுன் அடியில் தேடுங்கள். முள்மகுட நட்சத்திரமீனோ சிறிய ட்ரூபெல்லா நத்தைகளோ தின்ற தடமாக இருக்கும்.

அட்டையின் பெரிய குறை இங்கேதான். பாசி மூடிய செத்த பவளத்துக்கு அது தயங்காமல் 5 கொடுக்கும். பாலிப் இருக்கிறதா என்று பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்தால் சுடுகாட்டுக்கு நற்சான்று எழுதிவிடுவோம். சரியாகப் பார்த்து, உயிருள்ளதை மட்டும் அளந்தாலும் இன்னொரு பொறி உண்டு. 20 பவளத்தில் 8 செத்துவிட்டன, மீதி 12 நிறம் திரும்பி 4-க்கு வந்துவிட்டன என்று வையுங்கள். சராசரி 4, கணக்கில் நல்ல செய்தி. ஆனால் கடலில் ஐந்தில் இரண்டு போய்விட்டது. பிழைத்தவர்களின் உடல்நலத்தை அட்டை சொல்லும். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொல்லாது.

ஆகவே அட்டையோடு 20 மீட்டர் அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். நாடாவை விரித்து, ஒவ்வொரு 50 சென்டிமீட்டர் குறிக்கும் நேர் கீழே இருப்பதை எழுதுங்கள்: உயிர்ப்பவளம், புதிதாகச் செத்தது, பாசி, உடைசல், மணல். நாற்பது புள்ளி, ஒவ்வொன்றும் இரண்டரை சதவீதம். தன்னார்வலர்களைக் கொண்டு பவளத்திட்டுகளைக் கண்காணிக்கும் ரீஃப் செக் குழுவினர் உலகமெங்கும் செய்வதும் இதையேதான், நான்கு நாடா, 160 புள்ளியாக. ஒரு நாடாவை மட்டும் நம்பினால் 10 புள்ளி 8 ஆனது பவளம் செத்ததாலா, நாடா அரையடி நகர்ந்ததாலா என்று தெரியாது, நான்கு போடுங்கள். பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் முளை அடிக்கக் கூடாது. ஜிபிஎஸ் புள்ளியும் கரையில் இரண்டு அடையாளமும் குறித்துக்கொண்டால் அடுத்த முறை கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

அட்டைக்கு என் மதிப்பெண் ஐந்தில் நான்கு. நாடா இல்லாமல் தனியே வாங்குவதானால் இரண்டரை.

ஒருமுறை அளந்து ஒன்றும் சொல்ல முடியாது. குளிர்மாதத்தில் பவளம் இயல்பாகவே அடர்ந்தும் கோடையில் வெளிர்ந்தும் இருக்கும். ஆகஸ்ட் எண்ணை மார்ச் எண்ணோடு வைத்து அலறக் கூடாது. தைப்பூசத்துக்கு முன் ஒருமுறை, நோவாவின் எண் 4-ஐத் தொட்ட வாரத்தில் ஒருமுறை, தண்ணீர் குளிர்ந்த ஜூனில் ஒருமுறை, அதே இடம், அதே நேரம். மார்ச்சில் வெள்ளையாக எழுதிய பவளங்களை ஜூனில் தேடிப் பிடித்துக் கிட்டே போய்ப் பாருங்கள்: பழுப்பு திரும்பியிருந்தால், அது பாலிப்பின் பழுப்பா, பாசி ரோமத்தின் பழுப்பா?